சந்தனத்துக்கு அடியில் இருந்த எழுத்து

அப்பு, திண்டுக்கல்லில் பெரிய இடைத்தேர்தல் நடந்து, ஊர்ச் சுவர் முழுக்க இலை இலையாக வரைந்து வைத்திருந்தார்களே, அந்த வருஷம். எண் போட்டுச் சொல்ல எனக்கு வராது. அரிசிக்கு வரிசையில் நின்றதும் அந்த வருஷம்தான். மலையில் வாழைக்கு முடிக்கொத்து நோய் விழுந்து, ஒவ்வொரு தோட்டமாகக் கைவிட ஆரம்பித்ததும் அப்போதுதான். நீ உன் அம்மா வயிற்றில் ஐந்து மாதம். ஆயுத பூசை முடிந்து எட்டாவது நாள், வத்தலக்குண்டுக்கு மேலே மலைப்பாதையில் நான் ஓட்டிவந்த லாரி கவிழ்ந்து உன் தாய்மாமன் தங்கராசு செத்துப்போனான். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. பிரேக் பிடிக்கவில்லை, பேகம்பூர் பட்டறைப் பிட்டர் சரியாக வேலை பார்க்கவில்லை, அதனால் மாமன் போய்விட்டான் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறாய். சொன்னவன் நான். போன வருஷம் விமானம் ஏறி உன் ஊருக்கு வந்திருந்தபோது, அந்தக் கதையில் ஒரு இடம் பொய் என்று காரில் வைத்துப் பாதி சொன்னேன். "விடுங்கப்பா, எப்பவோ நடந்தது" என்றாய். ஊருக்குத் திரும்பிய பிறகு போனில் மறுபடி எடுத்தேன். "அத்தைக்குத் தெரிஞ்சா என்னாகும்னு யோசிச்சீங்களா? சாகுற வயசுல ஏன் கிளறுறீங்க?" என்று அந்த மாமன் பெண்டாட்டிக்காகக் கோபப்பட்டாய். விடத்தான் பார்த்தேன். முடியவில்லை. அதனால் முழுதும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். நான் பேசுகிறபடியே எழுதமாட்டேன், கொஞ்சம் ஒழுங்குபடுத்தித்தான் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

உன் ஊருக்கு வந்ததிலிருந்தே தொடங்குகிறேன். நீ வேலைக்குப் போன பிறகு வீட்டைச் சுற்றிவருவது தவிர எனக்கு வேறு வேலை இல்லை. இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, மாடி அறையில் நீ உட்கார்ந்து விரல் உயரப் பொம்மைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாய். கண்ணில் ஒரு கண்ணாடி, அதற்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி, கையில் ஒற்றை மயிர்த் தூரிகை. நான் வாசலில் வந்து நின்றதும் சட்டென்று எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினாய். உனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, மீசையில் நரை ஓடிவிட்டது, அப்பன் வருகிறான் என்று பொம்மையை மறைக்கிறாய். எனக்கு ஏன் என்று தெரியும். உனக்கு ஏழு வயதில், தீப்பெட்டியும் சோடா மூடியும் வைத்து ஒரு லாரி செய்திருந்தாய். மூஞ்சி சப்பையாக, அச்சு அசலாக நான் ஓட்டிய வண்டி மாதிரியே இருந்தது. அதை அரிசி மூட்டை மேலிருந்து உருட்டிவிட்டு, "பிரேக் பாய், பிரேக் பாய், ஒதுங்கு ஒதுங்கு" என்று கத்தி விளையாடினாய். நான் வந்து காலால் மிதித்தேன். உன் முதுகிலும் ஒன்று வைத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு நீ நினைத்துக்கொண்டிருப்பாய், இந்த மனுஷனுக்குப் பொம்மை பிடிக்காது என்று. அப்படி இல்லை அப்பு. அந்தப் பேர் பிடிக்கவில்லை. அந்தப் பேர் ஊரில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அது என் வீட்டுக்குள்ளேயே என் பிள்ளை வாயில் வந்து நின்றுவிட்டது. பிள்ளையை அடிப்பவன் எதற்காக அடிக்கிறோம் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை தானாக ஒரு காரணம் வைத்துக்கொள்ளும். நீ நாற்பத்துச் சொச்சம் வருஷம் தப்பான காரணத்தை வைத்துக்கொண்டிருந்தாய்.

அலமாரியைத் திற என்றேன். திறந்தாய். "இவங்கள்லாம் எந்த ஊருடா?" என்று கேட்டேன். "இல்லாத ஊருப்பா" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. அந்தச் சனிக்கிழமைதான் என்னை முதல் மியூசியத்துக்குக் கூட்டிப்போனாய், முழுக்க அந்தப் பொம்மைப் படைகள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மலை. மலை மேல் கோட்டை. பச்சைத் தோலும் கோரைப்பல்லுமாக ஒரு கூட்டம் கீழேயிருந்து ஏறுகிறது. தோளில் பானை கவிழ்த்த மாதிரிக் கவசம் போட்ட கூட்டம் மேலேயிருந்து இறங்குகிறது. ஒவ்வொருத்தனும் என் சுண்டுவிரல் அளவு. ஒவ்வொருத்தன் கண்ணிலும் வெள்ளை தனி, கருவிழி தனி. மண்டை ஓடு கட்டிய வண்டிகள், பீரங்கி முளைத்த வண்டிகள். நான் கொலுவுக்கு வைக்கிற பொம்மைகள் பார்த்திருக்கிறேன், அவை எல்லாம் சும்மா நிற்கும். இவை ஒன்றுகூடச் சும்மா நிற்கவில்லை. நீ ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் காட்டினாய். உன் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்தேன். நீ அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அந்த மலையில் ஒரு வளைவில் பட்டாள வண்டி ஒன்று குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஒருத்தன். இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. நான் அதற்கு முன்னால் நின்றுவிட்டேன். "இது எப்படிக் கவுந்துச்சு?" என்று கேட்டேன். "டைஸ் போடுவாங்கப்பா. சரிவுல வண்டி இறங்குனா டைஸ் உருட்டணும். ஒண்ணு விழுந்தா கவுந்துரும்" என்றாய். "கவுந்தா யாரக் கேப்பாங்க?" "யாரக் கேக்கணும்? யாரையும் கேக்க மாட்டாங்க. அது டைஸு." "ஓட்டுனவன?" "யப்பா, அவன் பொம்மை." நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. விளையாட்டில் அது நல்ல ஏற்பாடு என்று அப்போது நினைத்தேன். காய் உருள்கிறது, ஒன்று விழுகிறது, ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். மலையடிவாரத்தில் அப்படி முடியவில்லை. அங்கே பழி போட யாராவது ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மறுவாரம் இரண்டாவது மியூசியம். அது நிஜப் பட்டாள வண்டிகள். ஒரு பெரிய கொட்டகைக்குள் டாங்கிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நீ ஒவ்வொன்றும் எந்தச் சண்டையில் போனது என்று சொல்லிவந்தாய். எனக்கு டாங்கியில் ஒன்றும் தோன்றவில்லை. இரும்பு, அம்புட்டுத்தான். கடைசி வரிசையில் லாரிகள் நின்றன. அதில் நான்காவதாக நின்றது சப்பையன். பழைய உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் டிஸ்போசலில் விற்றுவிட்டுப் போன வண்டி அது, நம் முதலாளி வாங்கி மலைவாழைத் தார் ஏற்ற விட்டிருந்தார். மூக்கே இருக்காது. மூஞ்சியில் ஒரு குத்து விட்டது மாதிரி இருக்கும், அதனால் சப்பையன் என்று பேர். முன் சக்கரமும் இழுக்கும், அதனால் தோட்டத்துச் சேற்றில் மற்ற லாரி நிற்கிற இடத்தில் இது ஏறிப்போகும். ஆறு வருஷம் நான் உட்கார்ந்த சீட்டு. உன் ஊர் மியூசியத்தில் அதற்குப் புதுப் பச்சை வர்ணம் பூசி, டயருக்குக் கறுப்பு மை தடவி, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள்.

அங்கே காவலுக்கு நின்ற கிழவரிடம் நீ ஏதோ சொன்னாய். எங்கப்பா இதை ஓட்டியிருக்கார் என்று சொல்லியிருப்பாய். அவர் கயிற்றை அவிழ்த்து என்னை ஏறி உட்காரச் சொன்னார். ஏறினேன். ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம், பலகையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள், அது முழுக்க எழுத்து. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் வண்டியிலும் அதே இடத்தில் அதே தகடு இருந்தது அப்பு. ஆனால் அதில் எழுத்து இருந்ததை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. எனக்கு முன்னால் ஓட்டியவர் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்தத் தகட்டில்தான் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவார். வண்டிக்கு நெற்றி மாதிரி அது. நானும் அப்படியே செய்தேன். பழைய சந்தனத்தை யாரும் சுரண்டமாட்டார்கள், அதன் மேலேயே அடுத்த வருஷச் சந்தனம். மொத்தமாகக் காய்ந்து, சுண்ணாம்புக் காரை மாதிரி ஒரு விரல் கனத்துக்கு ஏறிவிட்டது.

உன் மாமன் தங்கராசு எட்டாவது வரை படித்தவன். என்னோடு வண்டியில் ஏறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வருவான், நான் ஓய்வெடுக்கும்போது சமதளத்தில் ஓட்டுவான். கல்யாணமாகி எட்டு மாதம். உன் அத்தையைப் பற்றிப் பேசாமல் ஒரு மலை ஏறமாட்டான். அந்தக் கடைசி ஆயுத பூசைக்கு நான் சந்தனம் குழைக்கும்போது அவன் தகட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "மச்சான், இதுக்குள்ள இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கு. கழுவிப் பாப்பமா?" என்றான். "கைய எடுலே. சாமிக்கு வச்சதச் சுரண்டிக்கிட்டு. கம்பெனிக்காரன் பேரு போட்டிருப்பான், வேற என்ன?" என்றேன். "கம்பெனிக்காரன் பேரு இம்புட்டு நீளமாவா இருக்கும்? அவுங்கப்பன், பாட்டன் பேரும் சேத்துப் போட்டிருப்பானோ?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அவன் சுரண்டிய இடத்தில் நானே புதுச் சந்தனத்தை அப்பினேன்.

உன்னை அந்தத் தகட்டைப் படிக்கச் சொன்னேன். நீ குனிந்து படித்தாய். மற்றதெல்லாம் எந்த கியரில் எவ்வளவு வேகம் என்று இருந்தது. கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை கேட்டேன். இறக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஓட்டாதே, நிறுத்தினால் பிரேக்குக்குப் பலம் இருக்காது என்று எழுதியிருக்கிறது என்றாய். அந்தக் கிழவர் அதைப் பார்த்து, நீ மொழிபெயர்த்துச் சொல்லும்படி ஒன்று சொன்னார். "இவரும் இத ஓட்டிக் காட்டுவாராம்ப்பா. இன்ஜின் இழுக்குற காத்துலதான் பிரேக்குக்குப் பலமாம். இன்ஜின நிறுத்துனா மிச்சக் காத்துல ரெண்டு மிதி கேக்குமாம். மூணாவது மிதிக்கு வண்டி உங்களுது இல்லங்குறாரு." நான் இறங்கிப் படியில் உட்கார்ந்துகொண்டேன். நீ சர்க்கரை அதிகமாகிவிட்டதோ என்று பயந்து டீ வாங்கி வந்தாய்.

அந்த நாளைச் சொல்கிறேன். மலையில் இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு இறக்குவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். முதலாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் ஏசுவார். ஆனால் நாங்கள் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நாள் முழுக்கச் சுமந்து கொதித்துப்போன இன்ஜினுக்கு இறக்கத்திலாவது செத்த நேரம் ஓய்வு கொடுப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மாதிரி. எப்போதும் கடைசி வளைவு தாண்டித்தான் நிறுத்துவேன். அன்று தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. மூன்று வளைவுக்கு முன்பே நிறுத்திவிட்டேன். முதல் வளைவில் மிதித்தேன், கேட்டது. இரண்டாவதில் எதிரே ஆட்டு மந்தை, மிதித்தேன், கேட்டது. மூன்றாவதில் மிதித்தேன், மிதி கல்லாக நின்றது. இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன், இறங்கவில்லை. கைபிரேக் இழுத்தேன், புகை வந்தது. பக்கத்தில் இருக்கிறவன் அப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. காலடியில் கட்டை இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு குதித்து, பின் சக்கரத்துக்கு முன்னால் போட வேண்டும். "மச்சான், கட்டை போடுறேன், பயப்படாதீக" என்றான். குதித்தான், ஓடினான், போட்டான். கட்டையில் சக்கரம் ஏறி வண்டி அவன் பக்கமே சாய்ந்தது. எனக்கு இடது கை முறிந்தது. அது தவிர ஒன்றும் இல்லை.

அடிவாரத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். சேவுகம்பட்டியிலிருந்து உன் அத்தை தலைவிரி கோலமாக மாட்டுவண்டியில் வந்தாள். திண்டுக்கல்லிலிருந்து முதலாளி காரில் வந்தார், கூடவே பிட்டரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். இபுராகிம் பாய். பூசைக்கு முன்னால் அவர் பட்டறையில்தான் பிரேக் வேலை பார்த்தது. பாய் நேராக வண்டியிடம் போனார். கவிழ்ந்து கிடந்த வண்டிக்குள் தலையை விட்டு, கையால் மிதியை அமுக்கிப் பார்த்தார், குழாய்களைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "மாப்ளே, மிதி உள்ள போச்சா, கல்லா நின்னுச்சா?" "கல்லா நின்னுச்சு மாமா." "இறங்கையில இஞ்சின் ஓடுச்சா? நிறுத்திட்டியா?"

சுற்றி முதலாளி, போலீஸ் ஏட்டு, சுமைக்காரர்கள், உன் அத்தை எல்லோரும் நின்றார்கள். எனக்கு அந்தக் கேள்வி எதற்கென்று தெரியாது. முதலாளி ஏசுவாரே என்பது மட்டும்தான் தோன்றியது. தங்கராசு அங்கே துணி மூடிக் கிடக்கிறான், நான் ஏச்சுக்குப் பயந்தேன். மனுஷ புத்தி அந்த நேரத்தில் அவ்வளவுதான் வேலை செய்தது. "ஓடுச்சு மாமா" என்றேன். பாய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்தார். முதலாளி, "அப்ப உன் வேலைதான்யா ஆளக் கொன்னுருக்கு" என்று கத்தினார். பாய் வாய் திறக்கவில்லை. உன் அத்தை குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளி அவர் முகத்தில் விட்டெறிந்தாள். "என் தாலிய அறுத்தவன் கை விளங்காமப் போகணும்" என்றாள். அந்த மண் அவர் தாடியில் ஒட்டிக்கிடந்தது. அவர் தட்டிவிடவில்லை.

அதன் பிறகு லாரிக்காரன் யாரும் அவரிடம் வண்டி விடவில்லை. பட்டறை படுத்தது. ஸ்டவ் ரிப்பேர், சைக்கிள் ரிப்பேர் என்று ஆகிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தால் "ஏலே, பிரேக் பாய் வாராரு, ஒதுங்குங்கடா" என்பார்கள். அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள். உனக்கும் அந்தப் பேர் அங்கேயிருந்துதான் வந்தது. உன் அத்தை அதன் பிறகு வேறு கல்யாணம் கட்டவில்லை. உன் அம்மா உன்னைப் பெற்றுப் படுத்திருந்த ஆறு மாதமும் அவள்தான் உன்னைத் தூக்கி வளர்த்தாள். லீவு விட்டால் சேவுகம்பட்டிக்குத்தான் ஓடுவாய். நீ இன்றைக்கும் என்னிடம் பேசுவதைவிட அவளிடம் போனில் அதிகம் பேசுகிறாய், எனக்குத் தெரியும். திண்டுக்கல்லுக்கு அவள் பஸ்ஸில் வந்தால், பேகம்பூர் வரும்போது முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். நீ சின்னப் பிள்ளையாக அவள் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாய். ஏன் அத்தை மூடுது என்று என்னைக் கேட்டிருக்கிறாய். தூசி என்றேன்.

இதைச் சொல்லும்போது டீச்சரம்மா பேனாவை வைத்துவிட்டார். அவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கம். "ஏனுங்க, இதையெல்லாம் எழுதித்தான் ஆகணுங்களா? பையன் மனசு என்னாகுமுங்க?" என்றார். எழுதுங்க என்றேன். எழுதுகிறார்.

உன் ஊரிலிருந்து வந்த பிறகு இரண்டு தடவை பேகம்பூர் வரை போய்த் திரும்பிவிட்டேன். பாய் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. மூன்றாவது தடவை, போன வியாழக்கிழமை, டீக்கடையில் நின்று "பழைய பிட்டர் இபுராகிம் பாய் வீடு எது?" என்று கேட்டேன். கடைக்காரப் பையனுக்குப் புரியவில்லை. பேர் வாயில் வரமாட்டேன் என்றது, சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "பிரேக் பாய்" என்றேன். "அட, அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே பெரியவரே. அந்தா, போர்டு தெரியுதுல்ல" என்று கையைக் காட்டினான். சந்து முனையில் டூவீலர் ஒர்க்ஷாப். பெரிய போர்டு. எனக்குப் படிக்கத் தெரியாதே. உள்ளே ஸ்பானரோடு நின்ற வாலிபனிடம், "தம்பி, போர்டுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். "பிரேக் பாய் டூவீலர் ஒர்க்ஸ்" என்றான், நெஞ்சை நிமிர்த்தி. "எங்க தாத்தா பேருங்க அது. அந்தக் காலத்துல மலைக்குப் போற லாரிக்கெல்லாம் பிரேக்குன்னா எங்க தாத்தாதானாம். அம்புட்டுப் பேரும் அப்படித்தான் கூப்புடுவாங்களாம்." நான் அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "தாத்தா உள்ளதான் இருக்காரு, போங்க" என்றான்.

பாய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வாங்க மாப்ளே. மெல்லமா வந்தாலும் வந்துட்டீக" என்றார். உட்காரச் சொன்னார். மருமகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். நான் வேறு எதுவும் பேசவில்லை. "மாமா, அன்னைக்கி இஞ்சின் ஓடல. நான் நிறுத்திட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "தெரியும்." "எப்பத் தெரியும்?" "அப்பவே. பிரேக் வேலை சரியில்லன்னா மிதி உள்ள போகும் மாப்ளே. கல்லா நின்னுச்சுன்னு நீங்கதான சொன்னீக. இஞ்சின் நின்னாத்தான் அப்படி நிக்கும்." "பெறகு ஏன் சொல்லல?" "சொன்னா எவன் நம்புவான்? ஆளு செத்துக் கிடக்கு, வேலை பாத்தவன் நான். பெறகு..." கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க வீட்டுக்காரம்மா மாசமா இருக்குன்னு கார்ல வரயில முதலாளி சொல்லிட்டு வந்தாரு. கூடப்பிறந்த தம்பியக் கொன்னவன்கூட அது எப்படிக் குடும்பம் நடத்தும்? அத நெனச்சேன். அப்புறம் நாள் போயிருச்சு. போனது போயிருச்சு."

அப்பு, அந்த மாசமாக இருந்த வயிற்றில் இருந்தது நீ. நீயும் உன் அம்மாவும் என்னோடு ஒரே வீட்டில் இருந்ததற்கு அந்த மனுஷன் வாயைத் திறக்காததும் ஒரு காரணம். உன் அம்மா கடைசிவரை எதுவும் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் உன் ஊர்த் தகட்டைப் பற்றிச் சொன்னேன். சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். பாய் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "நானும் பாத்தேன் அந்தத் தகட்ட. பூசை பண்ணி வச்சிருக்கானுக, கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். தொடச்சிருந்தா எனக்கும் படிக்க வராது, அது வேற" என்றார். பிறகு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி விரித்துக் காட்டினார். "தங்கராசு வீட்டுப் புள்ள சாபம் விட்டுச்சே, கை விளங்காமப் போகணும்னு. பாருங்க, நல்லா வெளங்குது. நேத்துகூட பேரனுக்கு ஒரு டிரம் பிரேக் பூட்டிக் குடுத்தேன்." போர்டைப் பற்றிக் கேட்டேன். "அவன்கிட்டச் சொல்லிறாதீக. பெயிண்ட்டு இன்னும் காயல" என்றார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எங்கிட்டச் சொல்லி என்ன மாப்ளே, நான் தெரிஞ்ச ஆளு. தெரியாத ஆளு யாரு மிச்சம்?" என்று கேட்டார். இருவரும் சேர்ந்து எண்ணினோம். முதலாளி போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. ஏட்டு ரிட்டயர் ஆன மறுவருஷமே போய்விட்டார். சுமைக்காரர்கள் நாலு பேரும் இல்லை. உன் அம்மா இல்லை. பாய் தன் ஐந்தாவது விரலை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, "சாபம் விட்ட அந்தப் புள்ள இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். "அப்ப அதுகிட்டப் போங்க. பாவம், அம்பது வருசமா ஆளு மாத்தித் திட்டிக்கிட்டு இருக்கு."

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அத்தை நம் வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டாள், உன்னோடும் பேசமாட்டாள் என்பாய். அப்படியே நடக்கலாம். உனக்கு நான் கொடுத்ததைவிட அவள் கொடுத்தது அதிகம். அதை என் கையாலேயே உன்னிடமிருந்து எடுத்துவிடப் போகிறேனோ என்ற பயம் இருக்கிறது. ஆனால் அவள் இப்போதும் பேகம்பூர் வந்தால் முகத்தை மூடுகிறாள். மூட வேண்டியது அந்தத் தெருவைப் பார்த்து இல்லை. உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், புத்திமதி என்று வைத்துக்கொள். உன்னிடம் ஒருத்தன் சின்னக் கேள்வி ஒன்றைக் கேட்டால், அது எதற்கென்று தெரியாவிட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடு. உன் பொம்மைகளுக்குப் பகடை இருக்கிறது. நமக்கு வாய்தான்.

இதை டீச்சரம்மா போனில் படம் எடுத்து அனுப்பட்டுங்களா என்று கேட்டார். வேண்டாம், தபாலில் போடுங்கள் என்றேன். போனில் வந்தால் அரைமணி நேரத்தில் நீ கூப்பிட்டு என்னைத் தடுப்பாய், நானும் நின்றுவிடுவேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். இது உன் கைக்கு வந்து சேரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன். அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று நீ அவளிடமே கேட்டுக்கொள். போனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், திரும்பத் திரும்பக் கூப்பிடு. அன்று அடிவாரத்தில் நான் சொன்ன பொய்யைக் காதால் கேட்டு, அதை இன்னும் உண்மையென்று நம்பிக்கொண்டு உயிரோடு இருப்பது ஒரே ஒருத்திதான். சேவுகம்பட்டியில், உன் அத்தை, பேச்சியம்மாள்.